இரவு மூன்று மணிக்கு நினைவுக்கு வரும் வேலைகள்: எழுதி வைப்பது உங்களுக்கு உதவுகிறதா?

தாமிரபரணிக்காரி
5 அக்டோபர், இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட நாளாகப் படிப்பதோடு சரி. இன்றைக்குத்தான் முதன்முதலாக ஓர் இழை தொடங்குகிறேன்.

பாளையங்கோட்டையில் இருக்கிறேன், பள்ளியில் ஆசிரியை. பையன் ஒன்பதாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. என் கணவரின் அம்மா எங்களோடு இருக்கிறார். அத்தைக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. கணவர் மெடிக்கல் ரெப். வாரத்தில் மூன்று நாள் நாகர்கோவில், தூத்துக்குடி என்று லைனில் இருப்பார்.

இரண்டு மாதமாக ஒரு தொல்லை. படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன். ஆனால் இரண்டரை, மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். கேஸ் பதிந்தேனா? கரண்ட் பில்லுக்குக் கடைசி நாள் நாளைக்கா, நாளை மறுநாளா? மகள் சார்ட் கேட்டாளே. அத்தையின் இன்சுலின் இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? இதில் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. பகலில் என்றால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். அந்த நேரத்தில் மட்டும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. காலையில் எழும்போதே களைப்பு, அந்தக் களைப்பில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். நேற்று மகள், "அம்மா, நான் இன்னும் ஒண்ணும் பண்ணலையே" என்று கேட்டாள். அதிலிருந்து மனசு சரியில்லை.

படுக்கும் முன் எல்லாவற்றையும் எழுதி வை என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு தோழி சொன்னாள். மூன்று வாரமாக எழுதுகிறேன். முதல் வாரம் அதிசயம் போல இருந்தது. நான்கு இரவு விடியும்வரை தூங்கினேன். அப்புறம் பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. இன்று எண்ணிப் பார்த்தேன், 43 வந்தது. இப்போது அந்த நோட்டைத் திறக்கவே பயமாக இருக்கிறது. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

பேங்க். அத்தை லைஃப் சர்ட்டிபிகேட். மோட்டார். தீபாவளித் துணி. கண் டாக்டர். விடைத்தாள். அம்மாவுக்கு போன். பரண். ரேஷன் கார்டு பெயர். பையன் ட்யூஷன்.

எழுதி வைப்பது சிலருக்குத்தான் ஒத்துவருமா, இல்லை நான் தப்பாகச் செய்கிறேனா?

செம்பருத்தி
5 அக்டோபர், இரவு 11:30

உங்கள் பதிவைப் படித்ததும் என் வீடே கண்முன் வந்தது தோழி. நான் முதலில் போனில்தான் போட்டு வைத்தேன். அது நாளெல்லாம் மணியடித்தது. மணி அடிக்கும்போது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பேன், அல்லது குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பேன். தள்ளிவிடுவேன். தள்ளத் தள்ள, மணிச்சத்தம் கேட்டாலே எரிச்சல் வந்தது.

இப்போது பேப்பருக்கே வந்துவிட்டேன். தினசரி காலண்டரில் காலையில் தாளைக் கிழிப்போம் அல்லவா, அதன் பின்பக்கம் எழுதுகிறேன். அந்தச் சின்னத் தாளில் ஆறு, ஏழு வரிக்கு மேல் இடமே இருக்காது. அந்த இடக்குறைவுதான் எனக்கு நல்லதாகப் போயிற்று. 43ஐ அதில் எழுத முடியாது.

உளவியல் வகுப்பு
6 அக்டோபர், காலை 6:15

தோழி, நீங்கள் பாதிவரை சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள். கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிக்காத வேலை மனதை விடாமல் இழுக்கும் என்பதைச் சோதித்துப் பார்த்து எழுதியவர் ப்ளூமா ஸைகார்னிக். பெர்லினில் கர்ட் லெவினிடம் ஆய்வு செய்தவர். 1927ல் அது வெளிவந்தது. மணி கோர்ப்பது, புதிர் அவிழ்ப்பது என்று இருபது போலச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார். பாதியை முடிக்க விட்டார், பாதியை நடுவில் நிறுத்திவிட்டார். கடைசியில் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, நிறுத்திய வேலைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவில் இருந்தன. பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டே அதே லெவினின் மாணவி மரியா ஓவ்சியான்கினா இன்னொன்றைக் காட்டினார். பாதியில் விட்ட வேலையை யாரும் சொல்லாமலே ஆட்கள் மறுபடி கையில் எடுத்துவிடுகிறார்கள். இது உறுதியாக நிற்கிற கண்டுபிடிப்பு. உங்களுக்கு மூன்று மணிக்கு நடப்பது இதுதான். மனம் வேலைக்குத் திரும்பிப் போகப் பார்க்கிறது, அந்த நேரத்தில் கை ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன். 2011ல் மஸிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். முடிக்காமல் கிடக்கும் வேலை ஒன்றை நினைவூட்டிவிட்டுக் கதை படிக்கக் கொடுத்தால், மனம் கதையில் நிற்கவில்லை. இன்னொரு கூட்டத்திடம், அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் எழுதச் சொன்னார்கள். வேலை அப்படியே கிடந்தது. ஆனாலும் அவர்களால் கதையில் மனம் ஊன்ற முடிந்தது.

தூக்கத்துக்கும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் குழு 2018ல் வெளியிட்டது. 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு படுக்க வைத்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒரு பாதியினர் அன்றைக்கு முடித்த வேலைகளை எழுதினார்கள், மறுபாதியினர் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். இரண்டாவது கூட்டம் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டது. அவர்களிலும் விவரமாக எழுதியவர்களே சீக்கிரம் தூங்கினார்கள். ஒரே ஓர் இரவு, அதுவும் ஆரோக்கியமான இளைஞர்கள், அதனால் இதை மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 'விவரமாக' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்தை மறுபடி பாருங்கள். 'பேங்க்'. 'மோட்டார்'. 'பரண்'. இவை எல்லாம் கவலையின் பெயர்கள். வேலை என்னவென்று அதில் இல்லை. மோட்டாருக்கு என்ன? சத்தம் போடுகிறதா, தண்ணீர் ஏறவில்லையா? யாரைக் கூப்பிட வேண்டும், அவர் நம்பர் இருக்கிறதா? 'சனிக்கிழமை காலை பிளம்பரைக் கூப்பிட்டு, தண்ணீர் மெதுவாக ஏறுகிறது என்று சொல்ல வேண்டும்' என்று எழுதினால் மனம் அதை விட்டுவிடும். 'மோட்டார்' என்று மட்டும் எழுதினால், பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். 43 முறை அப்படி யோசித்தால் யாருக்கும் படபடக்கத்தான் செய்யும்.

விருதுநகர் மளிகை
6 அக்டோபர், மதியம் 2:05

டீச்சர், எனக்கு 71 வயது. ஆய்வெல்லாம் தெரியாது. நாற்பத்தாறு வருசம் மளிகைக்கடையில் சீட்டு வாங்கிச் சாமான் போட்டவன். இப்போது கடையை மகன் பார்க்கிறான்.

அந்தக் காலத்தில் மாதச் சாமான் சீட்டு எழுதுவதற்கு ஒரு முறை இருந்தது. மேலே பிள்ளையார் சுழி. முதல் வரி மஞ்சள். வீட்டில் மஞ்சள் டப்பா நிறைய இருந்தாலும் அதைத்தான் முதலில் எழுதுவார்கள், மங்கலத்துக்காக. அப்புறம்தான் பருப்பு, புளி, மிளகாய் எல்லாம். நான் கவனித்தது வேறு. சீட்டு எழுதும் அம்மா அடுப்படியில் நின்று டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்துத்தான் எழுதுவார். துவரம்பருப்பு என்று மட்டும் எழுத மாட்டார், 'துவரம்பருப்பு 2 கிலோ' என்று எழுதுவார். அளவு இல்லாத சீட்டு வந்தால் நாங்கள் சாமான் போட மாட்டோம். பையனைத் திருப்பி அனுப்புவோம், அம்மாவிடம் கேட்டு வா என்று. மேலே அந்த வாத்தியார் தம்பி சொன்னதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு சாமானும் நிறுத்து, பொட்டலம் கட்டி, சணல் நூலைப் பல்லால் கடித்து அறுத்ததும், சீட்டில் அந்த வரிக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு. எல்லா வரிக்கும் கோடு விழுந்ததும் கூட்டல் போட்டு, கணக்கில் எழுதிவிட்டு, சீட்டைக் கல்லாப் பக்கத்தில் நிற்கும் கம்பியில் குத்திவிடுவோம். மரக்கட்டையில் நட்ட கூரான கம்பி. பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் அதில் நாற்பது, ஐம்பது சீட்டு ஏறியிருக்கும். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்தக் கம்பியைப் பார்த்தால் எனக்கு ஒரு நிறைவு வரும். கம்பிக்குப் போன சீட்டை மறுபடி யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

உங்கள் நோட்டில் முடித்த வேலையும் முடிக்காத வேலையும் ஒரே பக்கத்தில் கிடக்கிறது. அதனால்தான் திறக்கப் பயமாக இருக்கிறது. நாளுக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். ராத்திரி அதைக் கம்பியில் குத்துங்கள். நிலுவை இருந்தால் அடுத்த நாள் சீட்டில் உங்கள் கையாலேயே திரும்ப எழுதுங்கள். மூன்று தடவை ஒரே வரியைத் திரும்ப எழுதக் கை வலித்தால், அது வேண்டாத வேலை அல்லது வேறு யாரோ செய்ய வேண்டிய வேலை என்று தானாகத் தெரியும்.

கொங்குநாட்டான்
6 அக்டோபர், இரவு 9:18

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோயம்புத்தூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு வருசத்துக்கு முன் ஆர்டர் நின்றுபோனபோது நானும் ராத்திரி ராத்திரி எழுதினேன். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும், வட்டி எவ்வளவு. எழுதி வைத்தால் கடன் அடைந்துவிடுமா? பட்டியல் கண்ணெதிரே இருந்ததால் இன்னும் அதிகமாகத்தான் புழுங்கினேன். பணமும் ஆள்பலமும் இல்லாத இடத்தில் பேப்பரும் பேனாவும் கொடுத்து, எழுதினால் சரியாகிவிடும் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தச் சகோதரிக்கு வேலை அதிகம். வேலையைக் குறைக்க வழி சொல்லுங்கள்.

உளவியல் வகுப்பு
6 அக்டோபர், இரவு 10:40

சகோ, நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். எழுதுவதால் வேலை குறையாது. ஆனால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது எழுதினால்தான் தெரிகிறது. நமக்கெல்லாம் இதில் ஒரு பொதுவான தவறு உண்டு: எதுவானாலும் இவ்வளவு நேரத்தில் முடித்துவிடலாம் என்று குறைத்தே கணக்குப் போடுவோம். 1994ல் கனடாவில் உளவியல் மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடிக்க 55 நாளுக்கு மேல் ஆனது. தோழியின் 43 வேலைகளுக்கும் பக்கத்தில் நிமிடக் கணக்கு எழுதிக் கூட்டிப் பார்த்தால், ஓர் ஆளால் ஆகாது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அப்போது நீங்கள் கேட்கும் குறைப்பு தொடங்கும்.

கடன் பட்டியல் வேறு வகை என்று ஒத்துக்கொள்கிறேன். அதில் நம் கையில் இருப்பது நாளைக்குப் போட வேண்டிய ஒரு போன் மட்டும்தான். மற்றதெல்லாம் தொகைகள்.

கொங்குநாட்டான்
6 அக்டோபர், இரவு 11:02

ஆமாம். நானும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றேன். தொகையை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வைத்தேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன். சட்டைப்பையில் 'இன்று இவரைப் பார்க்க வேண்டும்' என்ற ஒரு துண்டுத்தாள் மட்டும் இருக்கும். அதன் பிறகு சோறு இறங்கியது.

இரவுப்பணி
7 அக்டோபர், காலை 8:30

நைட் டியூட்டி முடிந்து வந்து இதைப் படிக்கிறேன். 19 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். முதல் மாதம் எல்லாவற்றையும் மனதிலேயே வைத்துக்கொண்டு ஓடுவார்கள். எட்டாம் பெட்டுக்குப் பத்து மணி ஊசி, பன்னிரண்டாம் பெட்டுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று. அந்தப் பிள்ளைகள்தான் வீட்டுக்குப் போனபின் வார்டுக்கு போன் போட்டு, "சிஸ்டர், அந்த ஊசி போட்டேனா?" என்று அழுவார்கள். பாக்கெட்டில் ஒரு தாள் வைத்து எழுதப் பழகி, அடுத்த டியூட்டிக்கு வருபவரிடம் அதைப் பார்த்து ஒவ்வொரு பெட்டாக ஒப்படைத்துவிட்டுப் போனால் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள். நானும் அப்படி போன் போட்டவள்தான்.

டீச்சர், உங்கள் பட்டியலில் இரண்டு ஜாதி கலந்து கிடக்கிறது. ஒன்று, ஒரே ஒருமுறை செய்து முடிக்கிற வேலை. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது அப்படிப்பட்டது. இன்னொன்று மாறாமல் திரும்பத் திரும்ப வருவது: கேஸ், கரண்ட் பில், மாத்திரை, இன்சுலின். இந்த இரண்டாவது ஜாதியைத் தினசரிச் சீட்டில் எழுதவே கூடாது. ஆபரேஷன் தியேட்டரில் உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புத் தாள் ஒன்று உண்டு, 19 வரிதான். இந்த ஆளுக்கு இந்த ஆபரேஷன்தானா, அலர்ஜி உண்டா, பஞ்சு எண்ணிக்கை சரியா என்று தெரிந்த விஷயங்களைத்தான் அதில் கேட்பார்கள். அதை எட்டு நகரங்களில் வைத்துப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதத்துக்கு இறங்கியது என்று 2009ல் வெளியிட்டார்கள். டெல்லியும் அந்த எட்டில் ஒன்று. தெரிந்ததைத்தான் நாம் மறக்கிறோம். அதனால் மாறாத வேலைகளுக்கு ஒரு நிலையான தாள் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். மாதம் முழுக்க அது அங்கேயே இருக்கட்டும்.

இன்சுலினுக்கு ஒரு வழி சொல்கிறேன். குப்பிதானே வாங்குகிறீர்கள்? நம் ஊரில் 10 மில்லி குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் என்று போட்டிருந்தால் மொத்தம் 400 யூனிட். அத்தைக்குக் காலை 14, ராத்திரி 6 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 20, அப்படியானால் 20 நாள் வரும். திறக்கும் அன்றே காலண்டரைப் பார்த்து, 17ஆம் நாளின் தேதியை அந்த அட்டைப்பெட்டியின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் 'வாங்கு' என்று எழுதிவிடுங்கள். டோஸ் குறைவாக இருந்து நாள் நீண்டாலும், திறந்த குப்பியை நான்கு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தினமும் ஊசி போடும்போது அந்தத் தேதி கண்ணில் படும். இனி அது மூன்று மணிக்கு வந்து உங்களை எழுப்ப வேண்டியதில்லை.

அப்புறம், இதை அக்காவாகச் சொல்கிறேன். உங்கள் வயது நாற்பதை ஒட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வயதில் நடு இரவில் விழிப்பு, படபடப்பு எல்லாம் தைராய்டாலும் வரும், மாதவிடாய் நிற்கப் போகும் பருவத்தாலும் வரும். ரத்தசோகையும் பார்க்க வேண்டும். ஒருமுறை டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். 'கண் டாக்டர்' பட்டியலில் இருக்கிறது, ஆனால் அது யாருக்கு என்று எழுதவில்லை. உங்களுக்கு இருக்காது என்று மட்டும் தெரிகிறது. மனசு மிகவும் தாழ்ந்துபோனால் 14416க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ், அரசு நடத்துவது, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

மூன்று மணிக்கு விழித்தால் போனைத் தொடாதீர்கள். தலைமாட்டில் ஒரு தாளும் பென்சிலும் போதும். இருட்டிலேயே கிறுக்குங்கள்.

தாமிரபரணிக்காரி
7 அக்டோபர், இரவு 10:15

படித்துவிட்டு அழுதுவிட்டேன் சிஸ்டர். கண் டாக்டர் அத்தைக்குத்தான். என் பெயரில் ஒரு வரிகூட அந்த நோட்டில் இல்லை என்பது நீங்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இன்று சாயங்காலம் உட்கார்ந்து 43ஐயும் பிரித்தேன். 14 திரும்பத் திரும்ப வருபவை, அவை பிரிட்ஜ் தாளுக்குப் போயின. 6ஐ அடித்துவிட்டேன். பரணை இந்த வருடம் தொடப் போவதில்லை. மீதி 23. நாளைக்கு ஐந்து மட்டும் எடுத்து காலண்டர் தாளில் எழுதியிருக்கிறேன். அண்ணாச்சி, அளவு போட்டு எழுதியிருக்கிறேன், பையனைத் திருப்பி அனுப்ப வேண்டி வராது.

ஒன்று மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது: அத்தையின் லைஃப் சர்ட்டிபிகேட். மாமா ரயில்வேயில் இருந்தவர், அத்தைக்குக் குடும்பப் பென்ஷன். நவம்பரில் கொடுக்க வேண்டும். போன வருடம் அரை நாள் லீவு போட்டு அத்தையை ஆட்டோவில் அழைத்துப்போய், வங்கியில் கைரேகை விழாமல் இரண்டு முறை திரும்பி வந்தோம். அந்த நினைவிலேயே மனம் அதைத் தள்ளுகிறது.

எழுத்தாணி
8 அக்டோபர், காலை 7:20

லைஃப் சர்ட்டிபிகேட்டுக்கு அலைய வேண்டாம் தோழி. தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பார், இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் சேவை. ஆதார், பென்ஷன் பேமென்ட் ஆர்டர் எண், போன் எடுத்து வையுங்கள். விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைப் படமெடுத்துச் செய்யும் முறையும் வந்துவிட்டது. ஆக, உங்கள் வரி இப்படி மாறுகிறது: 'நவம்பர் முதல் வாரம், தபால்காரர் நம் தெருவுக்கு வரும்போது கேட்டு நாள் குறிக்க வேண்டும்.'

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அந்த வரியை ஏன் நீங்கள் எழுத வேண்டும்? அது உங்கள் கணவரின் அம்மா, கணவரின் அப்பாவுடைய பென்ஷன். 43 வரியில் அவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை, நல்ல மனிதராகவே இருப்பார். சொன்னால் செய்வார் என்றும் தெரிகிறது. சொல்வதற்காக நினைவில் வைத்திருப்பதே ஒரு வேலை, அந்த வேலை யார் கணக்கிலும் ஏறுவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. சமைப்பதும் துவைப்பதும் அதில் உண்டு. மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பது எந்தக் கணக்கில் வரும்?

வேலையைக் கொடுக்கும்போது நினைவில் வைத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுங்கள். 'இதைச் செய்துவிடுங்கள்' என்று சொல்லிவிட்டு, செய்தாரா என்று நாலு முறை நீங்களே கேட்டால் அது இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது.

செம்பருத்தி
8 அக்டோபர், மதியம் 1:10

சரிதான், ஆனால் சொல்வது எளிது. எங்கள் வீட்டில் பிரிட்ஜில் அப்படி ஒரு தாள் ஒட்டினேன். மூன்று பெயர், மூன்று பத்தி. சொந்தக்காரர்கள் வந்தபோது மாமியாருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வீட்டு வேலையைப் போர்டு போட்டு மாட்டணுமா, என் மகன் பேரை எழுதி வைச்சிருக்கியே" என்றார். சண்டை இல்லை, ஆனால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தாளை எடுத்துவிட்டேன். ஒரு மன அழுத்தத்தைக் குறைக்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொண்ட மாதிரி ஆனது.

இப்போது வாட்ஸ்அப்பில் எனக்கும் அவருக்கும் மட்டும் ஒரு குரூப். ஞாயிறு ராத்திரி இருவரும் அவரவர் வாரத்தை அதில் போடுவோம். வெளியில் தெரியாது, வேலை நடக்கிறது. முழுத் தீர்வு இல்லைதான். எங்கள் வீட்டுக்கு இப்போதைக்கு இது போகிறது.

விருதுநகர் மளிகை
8 அக்டோபர், மாலை 5:45

பெரியவர்களுக்கு மகன் பேர் எழுதியது கோபம் இல்லை அம்மா. அவர் பேர் அதில் இல்லையே என்பதாகவும் இருக்கலாம். என் மனைவி போனபின் மருமகள் எனக்கும் ஒரு வேலை எழுதித் தந்தாள். பேத்தியை பஸ் ஏற்றிவிடுவது. அன்றைக்கு எனக்கு உடம்பில் தெம்பு வந்தது. அத்தையிடமும் ஒன்று கேட்டு எழுதிப் பாருங்கள்.

தாமிரபரணிக்காரி
23 நவம்பர், இரவு 9:30

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

தீபாவளி வாரத்தில் எல்லாம் குலைந்துபோனது. ஏழு நாள் சீட்டே எழுதவில்லை. மறுபடி மூன்று மணி விழிப்பு. எட்டாம் நாள் ஒரு தாள் கிழித்து, கையில் இருந்ததை எழுதி மறுபடி தொடங்கினேன். விட்டுப்போன நாள்களுக்கு ஈடு கட்டப் பார்க்கவில்லை, அதனால்தான் தொடர முடிந்தது என்று நினைக்கிறேன்.

லைஃப் சர்ட்டிபிகேட்டை அவரிடம் கொடுத்துவிட்டேன். எழுத்தாணி சொன்னபடி, ஒருமுறை சொன்னதோடு சரி. நவம்பர் 10 வரை அவர் ஒன்றும் செய்யவில்லை. கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. 14ஆம் தேதி தபால்காரர் வீட்டுக்கு வந்தார். வராந்தாவில் அத்தையை உட்காரவைத்து, முதலில் ரேகை விழாமல், கையைத் துடைத்து மறுபடி வைத்ததும் விழுந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் அப்போது பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தைதான் சொன்னார். அன்று ராத்திரி ஏனோ அவ்வளவு லேசாக இருந்தது.

ரத்தப் பரிசோதனை செய்தேன் சிஸ்டர். தைராய்டு கொஞ்சம் குறைவாக இருக்கிறது, மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். ஹீமோகுளோபினும் குறைவு. ஆக, எல்லாம் பட்டியலால் வந்த மாற்றம் என்று சொல்ல முடியாது. மாத்திரையா, சீட்டா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் ஐந்து இரவு தூங்குகிறேன்.

அண்ணாச்சி, கம்பி கிடைக்கவில்லை. பையன் ஒரு மரக்கட்டையில் நீள ஆணியை அடித்துக் கொடுத்தான். ராத்திரி பாத்திரம் கழுவிய பின் சீட்டை அதில் குத்துவது இப்போது மகளின் வேலை. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். குத்தும் முன் நான் கோடு போட்டதை எல்லாம் சத்தமாகப் படிப்பாள். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். முந்தாநாள், "வெந்தயம் ஊறப்போட்டதை எழுதலையே" என்றார். அவர் செய்தது அது. மறுநாள் சீட்டில் முதல் வரியாக எழுதினேன்.

இன்னும் சரிவராத ஒன்றை உங்களிடமே கேட்கிறேன். பள்ளி வாட்ஸ்அப் குரூப்புகள். எனக்கு ஆசிரியையாக மூன்று, அம்மாவாக இரண்டு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் 'நாளை பச்சை நிற ஆடை', 'நாளை காலைக்குள் விவரம் அனுப்பவும்' என்று வருகிறது. சீட்டைக் குத்திய பிறகு வரும் வேலையை என்ன செய்வது?

இரவுப்பணி
24 நவம்பர், காலை 9:05

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுங்கள், போட்டு அரைமணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருக்கட்டும். இதைப் பிரிட்ஜ் தாளில் எழுதிவிடுங்கள், உங்கள் பெயர் போட்டு.

குரூப்புக்கு நான் செய்வது: எட்டரைக்கு ஒருமுறை பார்ப்பேன், அதோடு மறுநாள் காலை ஆறுக்குத்தான். அவசரம் என்றால் போன் போடுங்கள் என்று எல்லா குரூப்பிலும் ஒருமுறை போட்டுவிட்டேன். இதுவரை போன் வந்தது இரண்டே தடவை.

கொங்குநாட்டான்
24 நவம்பர், இரவு 8:50

பச்சை ஆடைக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை சகோதரி, எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மரக்கட்டையில் ஆணி அடித்த தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். ஆணியின் நுனியில் ஒரு பழைய கார்க்கையோ ரப்பரையோ குத்தி வைக்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கைவைக்கும் இடம். பட்டறையில் நாங்கள் அப்படித்தான் வைப்போம்.